ஆலமரத்தில் தொங்கிய ஏழாவது மூட்டை

ஆலமரத்தின் கவட்டில் உட்கார்ந்திருந்தேன். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, முகமூடி, இரண்டு அடுக்குக் கையுறை. எல்லாம் கொரோனா காலத்தில் வாங்கி எங்கள் ஆய்வகத்தில் மிஞ்சிக் கிடந்தவை. உள்ளே வியர்வை முழங்காலைத் தாண்டி கணுக்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தொட்டவன் மரம் ஏறுவதற்கு நியாயமான காரணங்கள் அதிகம் கிடையாது. எனக்கு இருந்த ஒரே காரணம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் எஸ்தர். கால்நடை நோய்களை ஆராய்கிறவர். நான் அவருடைய ஆய்வக உதவியாளன்.

களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் நாலு பேர் வாய்க்கால் கரையில் நின்றுவிட்டார்கள்.

"யாருய்யா அது மரத்துல?"

"கொரோனா மறுபடி வந்துடுச்சா டாக்டரம்மா?"

"வந்தா மரத்துலயா ஏறும்? அது வௌவால்லேருந்து வந்துச்சாம்ல. அதான் வௌவாலப் பாக்கப் போயிருக்காரு."

"இவரப் பாத்தா வௌவாலு பயந்துடும்டி."

நான் பார்க்கப் போனது வௌவாலை அல்ல. மூட்டைகளை.

நம் பக்கத்தில் மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியைக் குழியில் போடமாட்டார்கள். வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரம். மாட்டுக்கும் பால் வற்றாது என்று நம்பிக்கை. நாயும் இழுக்காது. முன்பெல்லாம் கோணிச் சாக்கு. இப்போது உரச் சாக்கு. அந்த மரத்தில் அன்று பத்து மூட்டைகள் தொங்கின.

ஊர்க்காரர்கள் அனுமதி கொடுத்தார்கள், ஒரே நிபந்தனையோடு. மூட்டையை அவிழ்க்கக் கூடாது, இறக்கக் கூடாது. அதனால் சாக்கில் விரல் நுழைகிற அளவு கீறி, இடுக்கியால் ஒரு துணுக்கு எடுத்துக் குப்பியில் போட்டு, கீறிய இடத்தைக் கோணி ஊசியால் தைக்க வேண்டும். நான் படித்த டிப்ளமாவில் தையல் பாடம் இல்லை.

ஏழாவது மூட்டை மற்றவற்றைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. நீல நைலான் கயிறு, மூன்று முடிச்சு. கட்டியவர் அது அவிழ்ந்து யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைத்தது போல. அப்போது அப்படி எனக்குத் தோன்றவில்லை. 'என்ன எழவுக்கு இப்படிக் கட்டியிருக்கிறான்' என்றுதான் தோன்றியது.

தீப்பெட்டிக் காலம்

இந்தத் தொடரில் கொக்கிப்புழு பற்றி நான் எழுதிய அத்தியாயத்தைச் சாப்பிட்டுக்கொண்டே படித்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் பொறுத்தருள வேண்டும். இந்த வாரமும் இலையை எடுத்த பிறகு படிப்பது நல்லது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பள்ளிப் பிள்ளைகள் தீப்பெட்டியில் மலம் கொண்டுவருவார்கள். அதை உப்புநீரில் கலக்கி, நுண்ணோக்கியில் புழு முட்டைகளை எண்ணுவது என் பணி. ஒரு பிள்ளை தன் தம்பிக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் கொண்டுவந்திருந்தது. நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு வைத்து. அவ்வளவு நேர்மையான மாதிரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை ஆராய்ச்சியில இருக்காராமே, எதுல?" என்று கேட்டார்கள். என் அப்பா இருமினார். நான் "உயிரியல்" என்றேன். கல்யாணமாகி மூன்றாம் மாதம் உண்மை தெரிந்தது. "சாப்பிட வர்றதுக்கு முன்னாடி கைய ரெண்டு தடவ கழுவுங்க" என்றதோடு மனைவி நிறுத்திக்கொண்டாள். இன்றுவரை அதுதான் எங்கள் வீட்டு நெறிமுறை.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டாஸ்பத்திரி ஒரு சாலையில் இருக்கிறது, மனுஷ ஆஸ்பத்திரி இன்னொரு சாலையில். இங்கே எழுதிய சீட்டு அங்கே போகாது; அங்கே பார்த்த காய்ச்சல் இங்கே தெரியாது. கிருமிக்கு மட்டும் இரண்டு சாலையும் ஒன்றுதான்.

டாக்டர் எஸ்தர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். அவருடைய தாத்தா சைக்கிளில் ஊர் ஊராகப் போன போதகர். பேத்தி அதே சைக்கிள் தூரங்களைக் காரில் சுற்றுகிறார். "கன்னு வீச்சு நோயைத் தேடுறேன்" என்பார். மாட்டுக்கு அந்த நோய் வந்தால் சினை தங்காது. மாதம் நிறையும் முன்பே கன்று செத்து விழும். அதன் கொடியிலும் நீரிலும் கிருமி கொழித்திருக்கும். வெறுங்கையோடு கன்றை இழுக்கிற மனிதனுக்குள் அது போய்விடும். அப்புறம் மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, முதுகு வலி. யாரும் மாட்டைச் சந்தேகப்பட மாட்டார்கள். டைஃபாய்டு என்பார்கள், வாயு என்பார்கள், வேலை செய்யப் பயந்து படுத்திருக்கிறான் என்பார்கள்.

கொடியை நேரில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். பால் வற்றிவிடுமே. அதனால்தான் மரம்.

திரையில் ஏறிய கோடு

மூன்றாம் நாள் முடிவு வந்தது. பிசிஆர் இயந்திரத்தின் திரையில் ஒன்பது கோடுகள் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. ஒன்று மட்டும் எழுந்து நின்றது. ஏழாவது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். மூட்டை ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் யார், கன்று எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியது நான்தான். ஏழுக்கு நேராக என் கையெழுத்து: மல்லிகா. காளைக் கன்று. உயிரோடு உள்ளது. அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

"இவ்வளவு கிருமி இருந்து கன்னு உயிரோட வந்துச்சா?" என்றார். "வரலாம். ஆனா எனக்கு அந்தக் கன்னைப் பாக்கணும்."

ஊர்ப் பெயர் வேண்டாம். கூத்தாநல்லூருக்குப் போகிற வழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

மல்லிகாவுக்கு முப்பது வயதிருக்கும். கொல்லையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கலப்பின மாடு, செவலை, நல்ல மடி. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த கிடாரி. மாமியார் அஞ்சலையம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

உள்ளே கட்டிலில் மல்லிகாவின் கணவன் கணேசன் படுத்திருந்தான். சிங்கப்பூரில் கட்டட வேலை. விடுப்பில் வந்தவன் திரும்பிப் போக முடியவில்லை. இரண்டு மாதமாகக் காய்ச்சல். பகலில் இருக்காது, சாயங்காலம் ஏறும், பிறகு சட்டையைப் பிழிகிற அளவு வியர்க்கும். டைஃபாய்டு என்று மூன்று தடவை மருந்து சாப்பிட்டுவிட்டான். அந்த அறையில் நனைந்த வைக்கோல் வாடை அடித்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். இந்த நோயின் வியர்வைக்கு அந்த வாடை உண்டு என்று அவர் வகுப்பில் சொல்லுவார்.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதாமல் விடலாம். பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியவா போகிறது? ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

யாரும் பேசாமல் நின்ற அந்த நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. எப்போதும் அப்படித்தான், சும்மா இருக்கிற இடத்தில் என் வாய் சும்மா இருக்காது. கொல்லைப் பக்கம் திரும்பி மல்லிகாவிடம் சொன்னேன்:

"என்னம்மா, கன்னுக்குட்டியும் சிங்கப்பூருக்கு ஃப்ளைட் ஏறிடுச்சா?"

சாணிக்கூடையை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்தாள்.

"அதான் சொல்றாள்ல, அவ அண்ணன் வீட்டுல இருக்குன்னு" என்றார் அஞ்சலையம்மாள், கீரையிலிருந்து தலையை எடுக்காமல். "நீங்க கன்னைத் தேடி வந்தீங்களா, மாட்டப் பாக்க வந்தீங்களா?"

எத்தனையோ இடங்களில் சிரிப்பு வராத நகைச்சுவை சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் தோல்வி மட்டும்தான். இது அப்படி இல்லை என்று அப்போதே தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

ஒரு கட்டம்

கணேசனின் ரத்தத்தை அன்றே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆராய்ச்சி என்பது ஊசி கையில் இருக்கிறவன் எல்லாம் குத்தலாம் என்பதல்ல. எங்களுக்குக் கிடைத்த அனுமதி இதுதான்: மாடு கன்று வீசியதாக உரிமையாளர் தாமே சொல்லிக் கையெழுத்திட்ட வீட்டில் மட்டும் மனித ரத்தம் எடுக்கலாம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. 'ஆம்', 'இல்லை'. மல்லிகாவின் படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்தது நான்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், இன்ன பரிசோதனையைச் செய்து பாருங்கள் என்று. மூட்டையில் கிடைத்ததை வீட்டின் பெயரோடு எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. அதை எடுத்துக்கொண்டு கணேசனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். "மாட்டுக்கு என்ன?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணும் இல்லீங்க, நல்லபடியா கன்னு போட்டுச்சு" என்று மல்லிகா சொல்லியிருக்கிறாள். சீட்டு மடித்துத் திருப்பித் தரப்பட்டது. நான்காவது தடவையாக டைஃபாய்டு மருந்து.

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். கணேசனால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் வலி. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் புரண்டு படுத்தான்.

"முதுகெலும்புல போய் உக்காந்துடுச்சுன்னா..." என்று வாசலில் என்னிடம் மட்டும் சொன்ன டாக்டர் முடிக்கவில்லை. "நீங்க அந்தம்மாவக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க. நான் மல்லிகாகிட்டத் தனியாப் பேசணும்."

பேச்சுக் கொடுப்பது என் தகுதிக்கு உட்பட்ட வேலை. அஞ்சலையம்மாளிடம் ஆலமரத்தைப் பற்றிக் கேட்டேன். வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் மரம். வேலிவரை வந்து விரலை நீட்டிக் காட்டினார்.

"எல்லாக் கொடியும் அங்கதான் கட்டுவீங்களாம்மா?"

"எல்லாம் எப்புடி? உசுரோட பொறந்ததோடதுதான். செத்துப் பொறந்தா அதோட கொடியும் அதோடயே மண்ணுக்குத்தான் போவும். சாவ மரத்துல கட்டுவாங்களா? ஊரு மாடெல்லாம் வத்திப்போயிடாது?"

ஏழாவது மூட்டை தொங்கிய கிளையைப் பார்த்தேன்.

கன்று வீச்சு நோயைத் தேடி நாங்கள் மரம் ஏறியிருந்தோம். வீசிய கன்றின் கொடி வரவே வராத ஒரே இடம் அந்த மரம்தான். மூன்று பேராசிரியர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஆய்வுத் திட்டம். ஊரில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் கீரை உருவிக்கொண்டே சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. முறைப்படி தொங்கிய ஒன்பதிலும் ஒன்றும் இல்லாததில் என்ன ஆச்சரியம்? ஏழாவதில் கிருமி கிடைத்தது, ஒருத்தி பொய்யை மூட்டையாகக் கட்டி மரத்தில் தொங்கவிட்டதால்.

எழுதிக்குங்க

திரும்பி வந்தபோது கொல்லையில் மல்லிகா தலையைக் குனிந்து நின்றாள். டாக்டர் பக்கத்தில். பேசி முடிந்ததா, தொடங்கவே இல்லையா என்று தெரியவில்லை. நான் டாக்டரின் காதில், மரத்துக்கு எது வரும், எது வராது என்பதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றார் மெதுவாக. "அவ சொல்லணும். நம்ம சொல்லி அவ தலையாட்டக் கூடாது."

திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான ஆய்வகப் பணி அதுதான்.

உள்ளே கணேசன் ஒன்றுக்குப் போக எழ முயன்றான். ஒரு சத்தம் வந்தது. கத்தல் இல்லை, கத்தலை வாய்க்குள்ளேயே கடித்து நிறுத்துகிற சத்தம். மல்லிகா ஓடினாள். அஞ்சலையம்மாளும் அவளும் இரண்டு பக்கமும் தாங்கி அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு அடி வைத்தான். அடுத்த அடிக்குக் கால் வரவில்லை. திரும்பப் படுக்க வைத்தார்கள்.

மல்லிகா வெளியே வந்தாள். மாமியாரும் பின்னாலேயே வந்தார். அவர் உள்ளே போகட்டும் என்று மல்லிகா காத்திருக்கவில்லை.

"எழுதிக்குங்க சார்" என்றாள் என்னிடம். "கன்னு செத்துத்தான் பொறந்துச்சு. மாசம் நெறையல. அவருதான் கைய வுட்டு இழுத்தாரு. விடியறதுக்குள்ள வாய்க்கா ஓரத்துல பொதைச்சிட்டோம். கொடிய மரத்துல கட்டச் சொன்னதும், யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்."

பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"ஆடி மாசம் எனக்குக் கலைஞ்சிடுச்சு டாக்டரம்மா. ரெண்டாவது தடவ. ஒரு மாசம்கூட ஆவல, இதுவும் இப்புடி. என் பொறந்த வீட்டு மாடு. இந்த வீட்டுக்கு நான் கொண்டுவந்தது எதுவும் தங்கலன்னு ஊரு சொல்லுமா சொல்லாதா? அத்தைக்கு..." என்று தொடங்கியவள் மாமியார் பக்கம் பார்க்காமலே நிறுத்தினாள்.

நான் அஞ்சலையம்மாளைப் பார்த்தேன். இப்போது வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

மல்லிகா நிமிர்ந்தாள்.

"கன்னப் பிரிச்சு ஓட்டிட்டுப் போனா மாடு மூணு நாளு கத்தும். தண்ணி குடிக்காது. இது ஒரு சத்தம் போடல. மொத நாளே தெரியும்."

"ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு? நீயே பச்சப் புண்ணா கெடந்த. அண்ணன் வீட்டுல இருக்குன்ன. இருக்கட்டும்னு நானும் அதையேதான் ஊருக்குச் சொன்னேன்." பிறகு குரல் மாறியது. "அவன் காய்ச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு என்ன எழவு தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்டி."

இரண்டு மாதம் இரண்டு பெண்கள் ஒரே பொய்யை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒருவருக்காக ஒருவர் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். நடுவில் கட்டிலில் கணேசன்.

பழைய படிவத்தை அடிக்காமல் புதுப் படிவம் எடுத்து எழுதினேன். 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டேன். மல்லிகா கையெழுத்திட்டாள். சாட்சி என்று ஒரு வரி இருந்தது. "நான் வெக்கிறேன்" என்று அஞ்சலையம்மாள் இடது கைப் பெருவிரலை நீட்டினார்.

மாத்திரை இல்லாதவள்

வெள்ளைத் தட்டில் கணேசனின் சீரம் ஒரு சொட்டு, ரோஜா நிற மருந்து ஒரு சொட்டு. கலக்கி ஆட்டினால் நோய் இல்லாதவனுக்கு அப்படியே பன்னீர் போல இருக்கும். அவனுடையது நாலு நிமிடத்தில் திரிந்த பால் போலத் திரிதிரியாகப் பிரிந்தது. மல்லிகாவுக்கும் மாமியாருக்கும் செய்தோம். இருவருக்கும் இல்லை.

இந்த முறை டாக்டர் எஸ்தர் சீட்டுக் கொடுத்து அனுப்பவில்லை. தட்டின் படத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு தானே மனுஷ ஆஸ்பத்திரி இருக்கிற அந்த இன்னொரு சாலைக்குப் போய் உட்கார்ந்தார். ஆறு வாரம் மாத்திரை, கூடவே ஊசி. முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டது. முதுகு நிமிர நாளாயிற்று. இன்னும் குனிந்து எதையும் தூக்க முடியாது. சிங்கப்பூர் கட்டட வேலை இனி நடக்காது என்றார்கள். இரண்டு மாதம் முன்னால் பிடித்திருந்தால் நடந்திருக்கலாம். அதன் கடைசிப் பத்து நாளில் என் டிக்கும் இருக்கிறது.

முடிவைச் சொல்லப் போன அன்று மல்லிகா டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டாள்.

"எனக்குக் கலைஞ்சது இதாலயா?"

"உன் ரத்தத்துல இந்தக் கிருமி இல்லம்மா. அது வேற. உன்னால இது வரல, இதால அது வரல. ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அவருக்கு மாத்திரை இருக்கு. இதுக்கு?" என்று மாட்டின் முதுகில் கை வைத்தாள்.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "இல்லம்மா" என்றார். நோயை வெளியே காட்டாமல் மாடு பல வருஷம் இருக்கும். இனிச் சினைப்படுத்தக் கூடாது. மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது. பாலைக் காய்ச்சாமல் யாரும் தொடக் கூடாது. விற்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மல்லிகா தலையாட்டினாள். மாடும் ஆட்டியது, ஈயை விரட்ட.

தை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது கணேசனின் ரத்தத்தை மறுபடி எடுக்கப் போனேன். வயலில் அறுவடை இயந்திரம் ஓடுகிற தூசி வீட்டுவரை வந்தது. வாசலில் தோளில் துண்டோடு ஒரு மாட்டுத் தரகர் நின்றுகொண்டிருந்தார். தனியாகக் கட்டியிருந்த செவலை மாட்டை எட்டி எட்டிப் பார்த்தார்.

"மடியப் பாருங்க, லட்சணமா இருக்கு. சினை புடிக்கலன்னாக்கூட பரவால்ல தங்கச்சி. நம்மகிட்ட ஆளு இருக்கு. திருவாரூர் தாண்டித் தள்ளிவுட்டுடலாம்."

"அதுக்குக் கன்னு வீச்சு நோய்" என்றாள் மல்லிகா.

தரகர் சட்டென்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஸ்ஸ்... யம்மா, இதெல்லாம் வெளிய சொல்லுவாங்களா? மெதுவாப் பேசுங்க. அக்கம்பக்கம் காதுல வுழுந்தா அப்புறம் எவன் வாங்குவான்?"

"எவனும் வாங்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்." அவள் குரலை இன்னும் உயர்த்தினாள். எதிர் வீட்டில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "செத்த கன்னு போட்ட மாடுங்க இது. எங்க வீட்டு ஆம்பளை கைய வுட்டு இழுத்து மாசக்கணக்கா படுத்துக் கெடந்தாரு. இன்னொரு வீட்டுல கொண்டுபோய்க் கட்டிடாதீங்க."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கணேசன் கையை நீட்டினான். ரத்தம் எடுத்துக் குப்பியில் பெயர் ஒட்டினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். கிளம்பும்போது மல்லிகா என் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"கையில மாட்டுறீங்கள்ல, அந்த ஒற. அது இன்னும் இருக்கா சார்?" எதிர் வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அவங்க மாடு கன்னு போடப் போவுது, காலையிலேருந்து படுத்துப் படுத்து எழுந்திரிக்குது. நான் வந்து புடிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

பையைத் தரையில் கவிழ்த்தேன். இருந்த அத்தனை கையுறையையும் எடுத்துக்கொண்டாள்.